ஆஃப்ரோடில் வண்டி பாதி, ஆள் பாதி என்பது சரியான கணக்கா?

டார்ஜிலிங் மலைப்பக்கம் மானேபஞ்சாங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து சந்தக்பூ உச்சிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், உச்சியின் உயரம் 3,636 மீட்டர். அந்தக் கல்பாதையில் பல பத்தாண்டுகளாக ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தவை 1950களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர் வண்டிகள். பவர் ஸ்டியரிங் கிடையாது, டிஃப் லாக் (ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) கிடையாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் என்றால் அந்த வண்டிக்கு என்னவென்றே தெரியாது. பலவற்றில் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு மகிந்திரா டீசல் இன்ஜினை உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது பொலிரோக்கள் நிறைய வந்துவிட்டன, பாதையிலும் அங்கங்கே கான்கிரீட் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கிழட்டு வண்டிகள் அந்த ஏற்றத்தில் ஏறியது உண்மை, அதுவும் தினசரி வேலையாக.

நம் பக்கம் கொழுக்குமலையைச் சொல்லலாம். ஊர் தேனி மாவட்டத்தில், ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியில். ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு, விடியலுக்கு முன் இருட்டில், பின்னால் ஆறேழு பேரை உட்கார வைத்துக்கொண்டு, பழைய மகிந்திரா ஜீப்பை அந்த ஊர் டிரைவர்கள் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் புதிய எஸ்யூவி விளம்பரங்கள் மேல் கொஞ்சம் சந்தேகம் வருவது இயல்புதான்.

இந்த இரண்டு இடங்களையும் காட்டி, "வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவன் கையில்தான் எல்லாம்" என்று சொல்வது, ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுகிற ஆஃப்ரோடு ஆட்களிடம் வழக்கம். எதிர்த் தரப்பும் சும்மா இருக்காது: "அதே டிரைவரை ஒரு ஸ்விஃப்டில் உட்கார வைத்துக் கொழுக்குமலைக்கு ஏறச் சொல்லுங்கள் பார்க்கலாம்." இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ஓட்டுநர் திறமை என்பதை ஒரே சரக்காக வைத்துப் பேசுவதால்தான் இந்தச் சண்டை முடிவதில்லை என்பது என் எண்ணம். அதில் கால் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது, கண் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. கடந்த முப்பது வருடங்களில் வண்டிக் கம்பெனிகள் வாங்கிக்கொண்டது கால் வேலையைத்தான். கண் வேலையில் இன்னும் கை வைக்கவில்லை.

கால் வேலை எப்படி வண்டிக்குப் போனது என்று புரிய டிஃப்ரென்ஷியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்கு வழி விடுவதற்காக அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரக் கூட்டம்தான் டிஃப்ரென்ஷியல். அதன் குணம் என்னவென்றால் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசைதான் கொடுக்கும். தார் ரோட்டில் இதில் ஒரு குறையும் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே காற்றில் தொங்கும்போதுதான் தொல்லை. காற்றில் இருக்கிற சக்கரத்தைச் சுற்ற விசையே வேண்டாம், அதனால் அதற்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். சமமாகத்தானே கொடுக்க வேண்டும், எனவே தரையில் உறுதியாக நிற்கிற மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே பூஜ்யம். ஒரு சக்கரம் வெட்டியாகச் சுற்றும், மற்றது அசையாது.

நான்கு சக்கர இழுவை இருந்தால் இது தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. மாருதி ஜிப்ஸி, பழைய ஜீப், மகிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரி வண்டிகளில் லீவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் டிஃப் லாக் இல்லாவிட்டால் ஒவ்வோர் அச்சிலும் டிஃப்ரென்ஷியல் பூட்டாமல் திறந்தபடியேதான் இருக்கும். மேடுபள்ளத்தில் முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், குறுக்காக அந்த இரண்டும் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஃபோர் பை ஃபோர் ஒரு சாதாரண வாய்க்கால் வரப்பில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பழைய டிரைவர்களுக்கு இதற்கு ஒரு வித்தை உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்துவது. சுற்றுகிற சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்தால் அதைச் சுற்ற விசை தேவைப்படும், விசை தேவைப்பட்டால் மறுபக்கத்துக்கும் அதே அளவு போகும், வண்டி நகரும். பின்சக்கரங்களைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து வைப்பதும் அதே கணக்குதான். (பழைய லேண்ட் ரோவரில் இந்த ஹேண்ட் பிரேக் வித்தை பலிக்காது. அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, இன்ஜின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்டைப் பிடிக்கும்.) எந்த அளவு பிரேக், எந்த அளவு ஆக்சிலரேட்டர் என்பது காலுக்குப் பழக வேண்டிய விஷயம், அதற்குப் பல நாள் ஆகும்.

இப்போது ஜிம்னி போன்ற வண்டிகளில் இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எந்தச் சக்கரம் வெட்டியாகச் சுற்றுகிறது என்று ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடித்து, அந்த ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. மனிதக் கால் எவ்வளவு பழகினாலும் நான்கில் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க முடியாது. இறக்கத்திலும் இதே கதைதான். லேண்ட் ரோவர் 1997இல் ஃப்ரீலாண்டரைக் கொண்டுவந்தபோது அதில் மெதுவாக ஊர்ந்து போவதற்கான லோ ரேஞ்ச் கியர் இல்லை. செங்குத்தான இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வசதி இல்லை என்று அர்த்தம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் வந்தது, பிரேக்கைத் தானே விட்டுவிட்டுப் போட்டு வண்டியை நத்தை வேகத்தில் இறக்கும். 2004இல் டிஸ்கவரி 3இல் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் என்ற சுழல் பொத்தான். மணலா, சேறா, பாறையா என்று சொல்லிவிட்டால் ஆக்சிலரேட்டர், கியர்பாக்ஸ், டிராக்‌ஷன் எல்லாவற்றையும் வண்டியே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். இன்றைக்குச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைத்த எலக்ட்ரிக் வண்டிகள் வந்துவிட்டன, ரிவியன் போல. அதில் டிஃப்ரென்ஷியல் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கணக்கு.

அப்போ கால் வேலை மொத்தமும் போய்விட்டதா என்றால், இங்கேதான் ஒரு வேடிக்கை. பிரேக் வழியாக வேலை செய்கிற இந்த அமைப்பு சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். தார் மாடலில் சில வகைகளில் பின் அச்சில் இருக்கிற மெக்கானிக்கல் லாக்கரும் (தானாகப் பூட்டிக்கொள்கிற டிஃப் லாக்) அப்படியே, இரண்டு பக்கச் சக்கரங்களின் சுழற்சிக்கு இடையே வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால்தான் பூட்டிக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார். காலை எடுத்ததும் சுழற்சி நிற்கிறது, வண்டியின் மூளைக்கு வேலை இல்லாமல் போகிறது. மறுபடி மிதிக்கிறார், மறுபடி எடுக்கிறார். வண்டி முன்னும் பின்னும் ஆடி ஆடி இன்னும் குழி தோண்டிக்கொள்கிறது. கடைசியில் "இந்த லாக்கர் சும்மா விளம்பரம்" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார். செய்ய வேண்டியது, காலை அசைக்காமல் ஒரே அளவில் இரண்டு மூன்று விநாடி வைத்திருப்பது மட்டும்தான். பழைய டிரைவருக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் சக்கரம் சுற்றினால் உடனே காலை எடு என்பது அவர் ஆயுசு முழுக்கப் பழகியது. அதாவது கருவி வந்ததும் பழைய கால் பழக்கம் ஒன்று செல்லாக்காசாகி, அந்த இடத்தில் புதுப் பழக்கம் ஒன்று தேவைப்படுகிறது.

சரி, கண் வேலை. ஆஃப்ரோடில் மாட்டிக்கொள்கிற வண்டிகளில் பெரும்பாலானவை மாட்டுவதற்குப் பத்தடி முன்பே மாட்டிவிட்டன என்றுதான் சொல்வேன், தவறான வழியில் சக்கரத்தை வைத்த அந்த நொடியில். பாதையின் நடுவில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தால் ரோட்டில் ஓட்டிப் பழகியவர் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார். இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கிற நேர் அச்சு உள்ள வண்டியில் மிகத் தாழ்வான இடமே டிஃப்ரென்ஷியல் இருக்கிற அந்த இரும்புக் குடம்தான், அது நேராகப் போய்ப் பாறையில் உட்காரும். அனுபவஸ்தர் டயரையே பாறை மேல் ஏற்றுவார். குடம் தானாக உயர்ந்துவிடும். அந்தக் குடம் முன் அச்சில் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், அந்தப் பக்கத்துக்கு மேடு வராதபடி வண்டியை வைப்பார். குறுக்காகத் தூக்குகிற பள்ளத்தைச் சாய்வாக எடுப்பதா நேராக எடுப்பதா, ஈரமான களிமண் மினுக்குகிறதே அதன் ஓரத்தில் புல் இருக்கிறதா, தண்ணீர் ஓடுகிற இடத்தில் அலை எங்கே உடைகிறது, எங்கே வழுவழுப்பாகப் போகிறது, இதையெல்லாம் எந்தச் சென்சாரும் இன்றைக்குச் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கொழுக்குமலை ஜீப்காரர் அப்படி நடப்பதில்லையே என்று கேட்கலாம். அவர் அந்தப் பாதையில் தினமும் போகிறவர், நேற்று மழைக்கு எந்தக் கல் நகர்ந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த டிரைவர்களைக் காட்டிப் பொதுவாக ஒரு நீதி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அவர்கள் திறமையில் பெரும்பகுதி அந்த ஒரு பாதையைப் பற்றிய நினைவு. அதே ஆளைக் கொண்டுபோய் அபுதாபியின் லீவா பாலைவனத்து மணல்மேட்டின் அடியில் விட்டால், முதல் நாள் அவரும் புதியவர்தான். பாறையில் மெதுவாகப் போவதுதான் வித்தை, மணலில் மெதுவாகப் போனால் புதைந்துவிடுவீர்கள். அங்கே ஓட்டத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும், நிறுத்தினால் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். மாட்டிக்கொண்டால் மிதிக்காமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கும். துபாய், தோஹா பக்கம் வேலை பார்க்கிற நம் ஆட்கள் விடுமுறை நாட்களில் மணலுக்குப் போய் இதைத் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள், ஊருக்கு வந்து சேற்றில் இறங்கும்போது மறுபடி முதலிலிருந்து.

மணல் என்றதும் டயர் காற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. என் கணக்கில் ஆஃப்ரோடில் காசே இல்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய கருவி இதுதான். ரோட்டில் 32 பிஎஸ்ஐ சுற்றி இருக்கிற டயரை மணலில் 15 வரைக்கும் இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் அகலமாவதைவிட அதிகமாக நீளவாக்கில் படியும், தரையைத் தொடுகிற பரப்பு கூடும், ஒரு சதுர அங்குலத்தில் ஏறுகிற பாரம் குறையும், மேலே மிதந்து போகும். கல்லிலும் டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து பிடிக்கும், குலுக்கலும் குறையும். லட்ச ரூபாய் லாக்கர் மணலில் கொடுக்காததை ஐந்து நிமிடம் வால்வைத் திறந்து வைத்தால் கிடைத்துவிடும். ஆனால் சும்மா இல்லை: காற்று குறைந்த டயரில் வெடுக்கென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், கூர்மையான கல் பக்கவாட்டைக் கிழிக்கும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றாவிட்டால் சூடேறி வெடிக்கலாம். எனவே ஒரு கம்ப்ரஸரும் வேண்டும். இதைக் கருவி என்பதா திறமை என்பதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எடையும் அப்படித்தான், யாரும் பேசாத விஷயம். 1985இல் வந்து 2010களின் கடைசிவரை ஓடிய மாருதி ஜிப்ஸியில் லாக்கர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, பிந்திய மாடல்களில்கூட 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 80 குதிரை. ஆனால் வண்டி ஒரு டன் அளவுதான். இரண்டு டன்னுக்கு மேல் இருக்கிற பெரிய எஸ்யூவி அழுந்திப் போகிற சேற்றில் அது மேலோட்டமாக ஓடிவிடும், மாட்டினாலும் நான்கு பேர் சேர்ந்து தள்ளி எடுத்துவிடலாம். ராணுவம் அதை அத்தனை வருடம் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஆட்களோ ஆஃப்ரோடுக்கு என்று வண்டியை எடுத்ததும் முதலில் செய்வது இரும்பு பம்பர், ரூஃப் கேரியர், அதன் மேல் ஒரு ஏணி, ஒரு ஜெர்ரி கேன், ஒரு மண்வெட்டி என்று இருநூறு கிலோ கூட்டுவது.

வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் இன்னொரு மாயை. நேர் அச்சு வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும், அச்சு அதே இடத்தில் இருக்கும், அந்த இரும்புக் குடமும் அதே உயரத்தில்தான் பாறையில் இடிக்கும். அச்சை உயர்த்த வழக்கமான வழி பெரிய டயர், அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு உயர்வது ஒரே ஒரு அங்குலம். லிஃப்டால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை, முன் பின் மூக்கு இடிக்காது, நடு வயிறு தட்டாது. பதிலுக்கு எடையின் மையம் மேலே போகிறது, பக்கச்சரிவில் வண்டி கவிழும் கோணம் குறைகிறது. பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் கெடும், லோ ரேஞ்சில் ஊர்ந்து போகிற வேகம் கூடும், ஆக்ஸிலுக்கும் பிரேக்குக்கும் சுமை ஏறும். இதற்கெல்லாம் மேலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி பதிவு செய்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. முன்னால் போடுகிற புல் பார் 2017 முதல் தடை. போலீஸ் நிறுத்தும் வரை இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கருவிதான் எல்லாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மலேசியாவில் 1997 முதல் நடக்கிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற ஆஃப்ரோடு போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காட்டுக்குள் நடத்துவார்கள். 2014இலிருந்து கோவாவிலும் மழைக்காலத்தில் அதன் இந்தியப் பதிப்பு நடந்தது. அந்த மாதிரிச் சேற்றில் உலகத்தில் எந்தக் காலும் எந்தக் கண்ணும் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கிற உருளை) இல்லாமல் கடக்காது. சக்கரத்துக்குப் பிடிக்கத் தரையே இல்லாதபோது மரத்தில் கட்டி இழுப்பதுதான் ஒரே வழி. அதே மாதிரி செங்குத்தான ஏற்றத்தில் சாதாரண ஹைவே டயர், மிதிதடமெல்லாம் சேறு அடைத்து வழவழவென்று ஆன பிறகு, நீங்கள் எவ்வளவு நளினமாக ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் வழுக்கத்தான் செய்யும். உராய்வு இல்லாத இடத்தில் திறமையால் உராய்வை உண்டாக்க முடியாது, இருப்பதை வீணாக்காமல் இருக்க முடியும், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுவது என்பது தனிப் பாடம், அங்கே கருவியின் தரம் எதுவானாலும் ஓட்டுநர்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும். நின்றதும் பலர் கிளட்சை அழுத்துகிறார்கள், வண்டி பின்னால் ஓடத் தொடங்குகிறது, பயந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள், வண்டி குறுக்கே திரும்பி உருள்கிறது. சரியான முறை: பிரேக்கை அழுத்திப் பிடி, இன்ஜின் நின்றால் நிற்கட்டும், லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியரைப் போடு, ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், அப்புறம் கிளட்ச், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டு சாவியைத் திருப்பு. ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை மெதுவாகப் பின்னால் தள்ளி இன்ஜினை எழுப்பும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும், நேராக இறங்கிவிடலாம். கிளட்சை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று வருகிற இன்றைய பல வண்டிகளில் இந்த முறை செல்லாது, அங்கே பிரேக்கை நம்பி, ரிவர்ஸில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். எந்த வண்டியில் எது என்பதைச் சரிவில் தொங்கும்போது ஆராயக் கூடாது.

தண்ணீரும் அப்படி. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கிற தண்ணீருக்கு, தரை தெரிந்த இடத்துக்கு. ஓடுகிற ஆற்றில் முழங்கால் ஆழமே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற ஸ்நார்க்கல் குழாய் போட்டுவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு, அது இன்ஜின் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும், வண்டி மிதப்பதையும் மின்சாரப் பெட்டிகள் நனைவதையும் அது என்ன செய்யும்?

கையில் காசு வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் வரிசை இதுதான், யாரும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் நல்ல ஏடி டயர் (ரோடு, மண் இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர்), காற்றுமானி, கம்ப்ரஸர். அதோடு ஒரு பயிற்சி, இகத்புரியில் மகிந்திரா நடத்துகிற மாதிரிப் பள்ளியாக இருந்தாலும் சரி, உள்ளூரில் அனுபவம் உள்ள குழுவோடு போவதானாலும் சரி. அடுத்தது மீட்புச் சாமான். நீண்டு சுருங்குகிற நைலான் கயிறு, கயிற்றைக் கோக்கத் தரமான ஷேக்கிள் வளையம், மீட்புக்கென்றே உறுதியாகப் பொருத்திய கொக்கி. டிரெய்லர் இழுக்கிற உருண்டையில் கயிற்றை மாட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது, அது உடைந்து பறந்து வந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. இரும்புச் சங்கிலியால் குலுக்கி இழுப்பதும் அதே ரகம். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வைக்க வேண்டும், நம் ஊரில் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. லாக்கர் இதற்கெல்லாம் பிறகு. வின்ச் கடைசியில், அதுவும் தனியாகப் போகிற ஆளுக்கு. இரண்டாவது வண்டி ஒன்று கூட வந்தால் பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.